தொட்டுக் கும்பிட்ட கையும் ஓர் உலக விதியும்

போன மாதம் கவிதாவிடமிருந்து போன் வந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், எனக்குப் பிறகு சேஃப்டி ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர். ஆடிட் வருகிறது, செயற்கை நுண்ணறிவுக் கேமரா பொருத்திய இயந்திரங்களுக்கான புது உலக விதிப் பட்டியலை நிரப்பிக்கொண்டிருக்கிறேன், ஒரு கட்டம் மட்டும் இடிக்கிறது என்றார். வாசித்தும் காட்டினார். கேமரா எதைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்பதை மாற்றுவதற்கு முன்னால், அந்த இயந்திரத்தில் கை வைத்து வேலை செய்கிறவரிடம் கேட்க வேண்டும். அவர் சொன்ன பதிலை அவருடைய வார்த்தையிலேயே பதிய வேண்டும்.

"ஆட்சேபணை இல்லைன்னு அச்சடிச்சு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டா போதாதா சார்? எந்த நாட்டுக்காரங்க இந்த வரியை எழுதினாங்களோ தெரியல" என்றார்.

எந்த நாட்டுக்காரர் என்பது எனக்குத் தெரியும். அவர் நம் ஆரம்பாக்கத்துக்காரர். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. ஐ.டி.ஐ. முடித்து, இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திப் பாகம் செய்யும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பதினோரு வருடம் தகடு போட்டுத் தகடு எடுத்தேன். நடுவில் பாதுகாப்புப் படிப்பு ஒன்றைப் படித்துத் தேறி, மேலே மாடியில் ஒரு மேசைக்கு ஏறினேன். திருவள்ளூரில் வீடு பார்த்துக்கொண்டு, பெரியபாளையம் வழியாகக் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் வந்த காலம்தான் என் பணிக்காலத்தில் பெரும்பகுதி.

எங்கள் பிளான்ட் மேனேஜர் வரதராஜன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எந்த அறிக்கையையும் அவர் நின்றுகொண்டுதான் வாசிப்பார். உட்கார்ந்து வாசித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும் என்பார். கையில் ஒரு பச்சைப் பென்சில் இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் ஒரு எழுத்துப் போடுவார். நாமே கண்ணால் பார்த்திருந்தால் 'பா'. யாரோ சொல்லியிருந்தால் 'சொ'. நாமாக நினைத்து எழுதியிருந்தால் 'நி'. சந்தேகம் வந்தால் தலையைத் தூக்காமலே "பாத்தியா?" என்று கேட்பார். திட்ட மாட்டார், குரல் உயராது. 'நி' அதிகமாக இருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான். புதிதாக வந்தவர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள். ஆறு மாதம் போனால் அவர்களும் பென்சிலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

உலகக் குழுவுக்கு என்னை அனுப்பியவரும் அவர்தான். தானாகக் கற்றுக்கொள்ளும் இயந்திரங்களுக்கு உலகம் முழுக்க ஒரே மாதிரி பாதுகாப்பு விதி எழுதுவதற்காகப் பல நாடுகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தன. ஒவ்வொரு நாட்டிலும் அதற்கு ஒரு கிளைக்குழு. நம் நாட்டுக் கிளைக்குழுவுக்குத் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வேண்டும் என்று கடிதம் வந்தபோது யாரும் கை தூக்கவில்லை. நான் அன்று லீவு. திரும்பி வந்தபோது என் பெயர் போயிருந்தது.

வேலை இதுதான். வரைவு விதி வரும். கூடவே ஐந்து கட்டம் போட்ட ஒரு அட்டவணை வரும். எந்தப் பிரிவு, எந்த வகைக் கருத்து, என்ன கருத்து, விதியில் அதற்குப் பதிலாக என்ன எழுத வேண்டும், கடைசிக் கட்டம் காலி. அந்தக் காலிக் கட்டத்தில்தான் உலகக் குழு தன் முடிவைப் போடும். ஏற்கப்பட்டது, பகுதியாக ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, குறித்துக்கொள்ளப்பட்டது என்று நான்கு முடிவுகள். குறித்துக்கொள்ளப்பட்டது என்றால் யாரும் குறித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம் என்பதை முதல் வருடமே தெரிந்துகொண்டேன். இரண்டு வருடம் நாங்கள் அனுப்பியதெல்லாம் காற்புள்ளித் திருத்தங்கள். அவை மட்டும் தவறாமல் ஏற்கப்பட்டன.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாவது லைனில் கேமரா வந்தது. பழைய பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருப்பதால் உள்ளே மாட்டாது. புது ஏற்பாட்டில் பொத்தான் கிடையாது. மேலே கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுத்தால் அச்சு தானே இறங்கும். கை உள்ளே இருந்தால் இறங்காது, மணி அடித்து நின்றுவிடும். சூப்பர்வைசர் வந்து சாவி போட்டால்தான் மறுபடி ஓடும். வேலை வேகமாக நடந்தது, எல்லாருக்கும் சந்தோஷம்.

ஒரு தொல்லை இருந்தது. ஷிப்டு ஆரம்பிக்கும்போது நம் ஆட்கள் பிரஸ்ஸைத் தொட்டுக் கும்பிடுவார்கள். உள்ளங்கையை அச்சு மேடையின் முன்விளிம்பில் ஒரு நொடி வைத்து, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஒரு தடவை. அச்சு மாற்றினால் இன்னொரு தடவை. தெலுங்கு பேசுகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று வித்தியாசம் கிடையாது, எல்லாரும் செய்வார்கள். ஆபரேட்டராக இருந்தபோது நானும் செய்தவன்தான். ஷிப்டு மாறும்போது மோட்டாரை நிறுத்தும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆகவே ஓடுகிற பிரஸ்ஸில் கை போகும், கேமரா பார்க்கும், மணி அடிக்கும். காலை ஷிப்டு தொடங்கிக் கால் மணி நேரம் அந்த லைனில் மணிச் சத்தம்தான்.

கேமராக் கம்பெனியிடம் சொன்னதற்கு, மிகவும் சுலபம் என்று பதில் வந்தது. ஒவ்வொரு முறை நின்றபோதும் எடுத்த சின்ன வீடியோ திரையில் வரும். அது நிஜ ஆபத்தா, வீண் எச்சரிக்கையா என்று நீங்கள் டிக் அடித்தால் போதும், அது கற்றுக்கொள்ளும் என்றார்கள். அந்த வேலை என்னுடையது. ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து டிக் அடித்தேன். எல்லாப் படமும் ஒன்றுதான். விரித்த உள்ளங்கை, முன்விளிம்பு, ஒரு நொடி. வீண், வீண், வீண் என்று தள்ளினேன். கீழே இறங்கிப் போய் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இந்தக் கும்பிடு எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. அந்த நினைப்பை இப்போது எண்ணினாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மணி நின்றது. மேனேஜர்கள் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள்.

தேசப்பன் அந்த லைனில் பன்னிரண்டு வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தவர். நிதானமான ஆள், தகட்டை வைக்கிற விதத்திலேயே அது தெரியும். நிரந்தர உத்தரவுக்கு அனுப்பிய பட்டியலில் அந்த வருடம் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, டீ முடிந்து வந்த பத்தாவது நிமிடத்தில், வைத்த தகடு ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கையை எடுக்கப் போனவர், திரும்ப உள்ளங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டி அமுக்கினார். விரித்த உள்ளங்கை, முன்விளிம்பு, ஒரு நொடி. மணி அடிக்கவில்லை. அச்சு இறங்கியது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து நான் அறிக்கை எழுதினேன். விபத்து அறிக்கைக்கென்று எங்களிடம் பழக்கமான ஒரு வாக்கியம் உண்டு. தொழிலாளி பாதுகாப்பு விதியை மீறி ஆபத்தான பகுதியில் கையை வைத்தார். கை தானாக அதை எழுதிவிடும். அந்த வாக்கியம் ஒருவர் கோப்பில் ஏறினால் நிரந்தர உத்தரவு வராது என்பதும், கான்ட்ராக்ட் அடுத்த முறை புதுப்பிக்கப்படாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

வரதராஜன் சார் நின்றுகொண்டு வாசித்தார். அந்த வாக்கியத்தில் பென்சில் நின்றது.

"மீறினாருன்னு பாத்தியா?"

"இல்ல சார். கேமரா நிறுத்தலைன்னா கை சட்டுன்னு போயிருக்கணும்."

'நி' என்று போட்டார். வீடியோவைப் போடச் சொன்னார். மூன்று தடவை பார்த்தோம். கை சட்டென்று போகவில்லை. சாதாரணமாகப் போய்ச் சாதாரணமாக வைக்கப்பட்டது. மூன்றாவது தடவையில் எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் படத்தை நான் ஒரு வாரம் பார்த்திருக்கிறேன். டிக் அடித்த கதையைச் சொன்னேன்.

அன்றுதான் அவர் ஒரு அறிக்கையோடு உட்கார்ந்து நான் பார்த்தேன்.

"நீ டிக் அடிச்சதை நீ பாத்த. அதை எழுது. அதுக்குப் 'பா' போடுறேன்" என்றார்.

எழுதினேன். மீறினார் என்ற வாக்கியம் போயிற்று. அதன் இடத்தில் என் பெயரும், நான் செய்ததும் வந்தன. எனக்கு மெமோ கிடைத்தது, ஆறு மாதம் ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட் பெட்டிகளை மேய்த்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தேசப்பன் விஷயம் அதோடு முடியவில்லை. கேமரா பழுதில்லை என்றால் ஆள்தான் தவறு என்று தலைமை அலுவலகம் நிரந்தர உத்தரவுப் பட்டியலை நிறுத்தி வைத்தது. கேமரா எதைக் கற்றுக்கொண்டது என்று எழுத்தில் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றது.

அதைக் கேட்கப் போனபோதுதான் உலகம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. கேமரா செய்தவர்கள் ஒரு நாட்டில். அதற்குள் கற்றுக்கொள்ளும் பகுதியைச் செய்தவர்கள் இன்னொரு நாட்டில். கற்றதைச் சேமித்து வைக்கும் கணினி மூன்றாவது நாட்டில். முதல் ஆள், எங்கள் ஊர்ச் சட்டப்படி இது இயந்திரம், மென்பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். இரண்டாவது ஆள், எங்கள் சட்டப்படி இது மென்பொருள், வாடிக்கையாளர் கற்றுக்கொடுத்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார். மூன்றாவது ஆளிடமிருந்து, உங்கள் கடிதம் கிடைத்தது என்று கணினி ஒரு பதில் போட்டது. மூன்று பேரும் மரியாதையாகத்தான் எழுதினார்கள். கும்மிடிப்பூண்டியில் விரல் போன செய்தி, அதே கேமரா மாட்டியிருக்கும் இன்னொரு ஊருக்குப் போய்ச் சேர ஒரு வழியும் இல்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. சொல்வதற்கு ஆள் இல்லை, கேட்பதற்கும் இடம் இல்லை.

என் கையில் இருந்த ஒரே இடம் அந்த ஐந்து கட்ட அட்டவணை. கேமரா கண்டுகொள்ளாமல் விடுபவற்றின் பட்டியல் அந்தந்தத் தொழிற்சாலையின் கையில் இருக்க வேண்டும், இப்படி நடந்த விபத்துகளை நாடுகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்று கருத்து எழுதினேன். காரணத்துக்கு எங்கள் விபத்தையே வைத்தேன். தலைமை அலுவலகத்தின் சட்டப் பிரிவு வேண்டாம் என்றது. வரதராஜன் சார் கம்பெனி பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு, "ஒரு நாட்டில் ஒரு பிரஸ் ஷாப்" என்று எழுதி, அனுப்பு என்றார். அந்தப் பென்சில் அடித்தலுக்கு அவருக்கும் ஒரு மெமோ வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன், அவர் சொல்லவில்லை.

கணினித் திரையில் கூட்டம். ஸ்டோர் அறையில் உட்கார்ந்து கலந்துகொண்டேன். பல நாட்டு முகங்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம். எங்கள் கருத்து வந்தபோது யாரும் தலை நிமிரவில்லை. குளிர்நாடு ஒன்றின் சார்பில் வந்திருந்த ஒரு பெண்மணி மட்டும் கை தூக்கினார். தங்கள் ஊர்த் தொழிற்சாலை ஒன்றிலும் இதே மாதிரிக் கேமரா இருக்கிறது என்றார். அங்கே சூடான தகடு அடிக்கும் பிரஸ். குளிர்காலத்தில் ஆட்கள் அச்சுக்கு நேராக உள்ளங்கையைக் காட்டிச் சூடேற்றிக்கொள்வார்களாம். மணி அடித்துத் தொல்லை கொடுத்ததால் அங்கேயும் யாரோ மேலே உட்கார்ந்து வீண், வீண் என்று தள்ளியிருக்கிறார்கள். இன்றைக்கே அதை நிறுத்தச் சொல்கிறேன் என்றார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பழக்கத்தைக் கேமரா கண்டுகொள்ளாமல் விடலாமா என்று ஆபரேட்டரிடம் கேட்டபோது அவர் என்ன சொன்னார்?

கேட்கவில்லை என்றேன். தலைவர், அடுத்த கூட்டத்துக்கு எழுத்தில் தாருங்கள் என்று அடுத்த கருத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் சூளூர்ப்பேட்டை வண்டி ஏறினேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் ஆரம்பாக்கம். தேசப்பன் வீடு வயலை ஒட்டி, கம்பெனி வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிளும் பைக்கும் நிறுத்தியிருக்கும் தெருவில் இருந்தது. விபத்துக்குப் பிறகு நான் ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போயிருந்தேன், வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இன்னா சார், இம்மாம் தூரம் என்றார். கைக்கட்டைப் பிரித்துவிட்டிருந்தார்கள். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரம் நின்றார்.

டிக் அடித்தது நான்தான் என்று சொன்னேன். இதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று ரயிலில் நினைத்திருந்தேன். சொல்லும்போது டீ டம்ளரைத்தான் பார்த்தேன். அவர் மனைவி கேட்டார்.

"எங்க ஆளுதான் கைய உட்டுட்டாருன்னு கம்பெனில பேசிக்கினாங்களே சார். அப்ப அது இல்லியா?"

இல்லை என்றேன். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தேசப்பன் தெருவைப் பார்த்தபடி பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்த மணிச் சத்தம் எங்களுக்கும் பேஜாராத்தான் சார் இருந்துச்சு. கீழ வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஒரு நிமிசம் மோட்டார ஆஃப் பண்ணுங்க, தொட்டுக் கும்புட்டுக்கினு போட்டுக்கிறோம்னு சொல்லியிருப்போம். மிசினு ஓடறப்பத்தான் கும்புடணும்னு சாமி இன்னா சொல்லியா கீது?"

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். சரி என்றார். கிளம்பும்போது, பட்டியல் இன்னா ஆச்சு சார் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தெரியவில்லை என்றேன். அது உண்மைதான், ஆனாலும் ஸ்டேஷன் வரை அந்தப் பதில் என் கூடவே வந்தது.

அவர் சொன்னதை ஆங்கிலத்தில் பெயர்த்து, கூடவே அவர் பேச்சையும் தமிழிலேயே எழுதி, மாற்றுவதற்கு முன் ஆபரேட்டரிடம் கேட்டுப் பதிய வேண்டும் என்று மூன்றாவது கருத்தாக அட்டவணையில் வைத்து அனுப்பினேன். சாமி என்ற வார்த்தையை எடுத்துவிடலாம் என்று கிளைக்குழுவில் ஒருவர் சொன்னார். சொன்னவர் சொன்னபடியே இருக்கட்டும் என்றேன். அடுத்த கூட்டத்தில் அந்தப் பெண்மணியின் நாடு எங்களோடு சேர்ந்துகொண்டது. நாடுகள் விபத்துகளைச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற பகுதி குறித்துக்கொள்ளப்பட்டது. பட்டியல் தொழிற்சாலை கையில் இருக்க வேண்டும் என்பது பகுதியாக ஏற்கப்பட்டது. ஆபரேட்டரிடம் கேட்க வேண்டும், பதிலை அவர் வார்த்தையில் பதிய வேண்டும் என்பது மட்டும் முழுதாக ஏற்கப்பட்டது. இத்தனை நாடுகள் சேர்ந்து இவ்வளவுதானா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் பல நாடுகள் ஒத்துக்கொண்ட ஒரு வரி, அது நடைமுறைக்கு வரும் வரை சின்னதாகத்தான் தெரிகிறது.

அந்த முடிவுத் தாளை வரதராஜன் சார் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். எங்கள் பிளான்ட்டில் ஆளிடம் கேட்காமல் கேமரா மாற்றப்பட்டது என்று ஒரு வரி எழுதி, தன் கையாலேயே ஓரத்தில் 'பா' போட்டிருந்தார். தேசப்பனுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அளவு பார்க்கும் அறையில் வேலை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு நிமிடம் மோட்டார் நிற்கிறது. எல்லாரும் தொட்டுக் கும்பிடுகிறார்கள், பிறகு ஓட்டுகிறார்கள். அந்த நிமிடம் போனதால் உற்பத்தி குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

விதி அச்சாகி வந்தபோது எனக்கு வேலையில் கடைசி வாரம். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு அளவு அறைக்குப் போனேன். மூன்று விரலில் அளவுக்கருவியைப் பிடித்து வேலை செய்துகொண்டிருந்தார். வரியைக் காட்டி, அதன் அர்த்தத்தைச் சொன்னேன்.

"இதுல என் பேரு வந்துக்கீதா சார்?"

"எந்தப் பேரும் இருக்காது தேசப்பா."

"தப்பு என்துன்னு எங்கனா போட்டுக்கீதா?"

"இல்ல."

தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"உங்க மேல?"

"இல்ல. யார் மேலயும் போடல. இனிமே மாத்துறதுக்கு முன்னாடி உங்களக் கேக்கணும்னு மட்டும் போட்டிருக்கு."

தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கேப்பாங்களா சார்?" என்றார்.

கேட்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். அது 'நி' என்பதால் நான் சொல்லவில்லை. கவிதா, அந்தக் கட்டத்துக்கு எதையும் அச்சடிக்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். லைனில் ஆபரேட்டர்களிடம் போவதற்கு முன்னால், படிக்கட்டு முடிகிற இடத்தில் இடது பக்கம் உள்ள அளவு அறையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். தேசப்பன் அங்கேதான் இருப்பார்.